சார் டூர் போயிருக்காக

இல்லாத ஒரு மனிதருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவள் நான். அந்தக் கண்ணாடியால் ஒரு டிராயிங் வாத்தியாருக்குப் பல் போயிருக்க வேண்டியது.

அப்போது தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தேன். செல்போன் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். வீரபாண்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலையில் பஸ் ஏறி வருவேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கத்துகிறவர்களுக்கு மீட்டரைப் பார்த்துப் பில் கிழித்துக் கொடுப்பேன். கூண்டு காலியாக இருக்கும் நேரமெல்லாம் காமிக்ஸ்தான். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்து விழுகிற புத்தகங்களைப் பொறுக்கி வாங்கி, கிழிந்ததை மைதா பசை போட்டு ஒட்டி, பூத்தின் அடி டிராயரில் அடுக்கி வைத்திருந்தேன். வீட்டுக்கு ஒன்றுகூடக் கொண்டுபோனதில்லை.

அந்தப் புத்தகங்களில் வாசகர் கடிதத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு. என்னிடம் இன்னது இருக்கிறது, இன்னது வேண்டும் என்று எழுதிப் போட்டால் விலாசத்தோடு அச்சாகும். நானும் எழுதினேன், பூத்து விலாசத்தில், இனிஷியலும் பெயரின் முதலெழுத்தும் மட்டும் போட்டு. முழுப் பெயர் போட எனக்கு என்ன பைத்தியமா? எங்கள் தெருவில் ஒருத்திக்கு அவளோடு படித்தவன் பொங்கல் வாழ்த்து அனுப்பினான். வெறும் வாழ்த்து, கரும்பும் பானையும் போட்டது. அந்த வாரமே காலேஜ் நின்றது, அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். எனக்கும் வருசநாட்டில் மாமன் மகன் ஒருவன் தயாராக இருந்தான். எங்கள் அப்பா அதிகம் பேசமாட்டார், முடிவை மட்டும்தான் சொல்வார். அந்த முடிவு வரும் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது என் பூத்து வேலை ஒன்றுதான்.

அதைப் பார்த்துக் கடிதம் போட்டவர்கள் பூத்து நம்பரைக் கண்டுபிடித்து போனும் பண்ண ஆரம்பித்தார்கள். முதல் போன் தேவதானப்பட்டியிலிருந்து. டிராயிங் வாத்தியார் ஒருவர், தழைந்த குரல்.

"சார் இருக்காகளாம்மா?"

நான்தான் அந்தச் சார் என்று சொல்ல வாய் வரவில்லை. நாக்கு தானாகப் புரண்டது. "சார் டூர் போயிருக்காக. சொல்லுங்க, நான் சொல்லிர்றேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது. கம்பத்திலிருந்து, பெரியகுளத்திலிருந்து, குமுளியில் டீக்கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடமிருந்து என்று போன் வந்துகொண்டே இருந்தது. எல்லோருக்கும் சார் டூரில்தான் இருந்தார். அப்படி என்னம்மா ஓயாத டூர் என்று ஒருவர் கேட்டபோது ஏலக்காய் வியாபாரம் என்றேன். புளுகுவது என்று ஆகிவிட்ட பிறகு ஊருக்குப் பொருத்தமாகப் புளுகவேண்டாமா?

நாம் எல்லோரும் ஒருநாள் ஒரே இடத்தில் கூடினால் என்ன என்று கேட்டதும் வாத்தியார்தான். காமிக்ஸ், தீப்பெட்டிப் படம், தபால்தலை, பழைய காசு, சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று சேர்ப்பவர்கள் எல்லாம் அவரவர் சரக்கைப் பரப்பி வைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், சும்மாவாவது பார்க்கலாம். "சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லும்மா" என்றார். சாருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் குரலாக மட்டுமே தெரிந்த அந்த மனிதர்களின் புத்தகங்களை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை என்னைத் தின்றது. மறுநாள் நானே கூப்பிட்டு, "சார் சரின்னுட்டாக" என்றேன்.

ஆடி மாதம் என்பதால் கல்யாண மண்டபம் எல்லாம் காற்று வாங்கின. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம் கேட்ட உடனே கிடைத்தது. மேனேஜர் மட்டும் சந்தேகமாகக் கேட்டார். "யாரும்மா உங்க சாரு? நான் பாத்த ஆளா?"

"ஏலக்கா யாவாரி. உயரமா, கண்ணாடி போட்டிருப்பாக."

ஏன் கண்ணாடி என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

ஒரு வாரம் போயிருக்கும். இரவுச் சாப்பாட்டில் அண்ணன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான். "ஒம் பூத்து மூலமா யாரோ ஏலக்கா யாவாரி மண்டபம் பிடிச்சிருக்கானாமே. கண்ணாடி போட்ட ஆளாமே."

மேனேஜர் வாய் ஜூஸ் கடை வரைக்கும் போய், அங்கிருந்து அண்ணன் காதுக்கு வந்திருக்கிறது. என் அண்ணன் போடியிலிருந்து ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டினான். தினம் மலையேறி இறங்குகிறவன். எந்தப் புளுகை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அவன் வீட்டில் இருந்துகொண்டு இந்தப் புளுகைச் சொல்லியிருக்கக் கூடாது.

"கஸ்டமரா இருக்கும்ணே" என்றேன்.

"போடிக்கு வார யாவாரி அம்புட்டுப் பேரையும் எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தனும் இல்லையே."

அப்புறம் எழுந்து கை கழுவப் போய்விட்டான். அவன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். விடிந்தால் வேலை போகும், தை பிறந்தால் வருசநாடு. கண்காட்சியை நிறுத்திவிடலாம் என்று தினமும் ரிசீவரில் கை வைப்பேன். அதற்குள் யாராவது கூப்பிட்டு, இரண்டு பை நிறையக் கட்டி வைத்துவிட்டோம், பிள்ளைகளையும் கூட்டி வருகிறோம் என்பார்கள். வைத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை, பூத்தைக் கழுவிவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆடிக்காற்று எங்கள் பள்ளத்தாக்கில் எப்படி அடிக்கும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். கணவாய் வழியாக இறங்கி, வாழையைச் சாய்த்து, கூரைத் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போகும். பழைய நியூஸ்பிரிண்ட் தாள் அதற்கு எம்மாத்திரம்? முதல் நாளே வாத்தியாருக்குச் சார் பேரில் உத்தரவு போட்டிருந்தேன். அவர் மஞ்சளாற்றுக் கூழாங்கல் ஒரு சாக்கு கொண்டுவந்திருந்தார். ஜன்னல்களை எல்லாம் அடைத்து, வாசல் கதவுக்குத் தாழ் போட்டு, பந்தி மேஜைகளில் விரித்த ஒவ்வொரு புத்தகத்தின் மீதும் ஒரு கல் வைத்தோம்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கதவைத் தட்டினால் திறந்து, உள்ளே விட்டு, மறுபடி தாழ் போடுவதுதான் என் வேலை. ஒவ்வொருவரும் வாய் திறந்ததும் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். கம்பத்துக் குரல் இவ்வளவு குள்ளமா? பெரியகுளத்துக்கு இப்படி ஒரு மீசையா? அவர்களுக்கு நான் பூத்துப் பிள்ளை, சார் அனுப்பிவைத்த ஆள். என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, சார் எங்கே என்றார்கள்.

"வந்துக்கிட்டே இருக்காக. குமுளி ரோட்டுல லாரி கவுந்து கெடக்காம்."

"நான் அந்த வழிதானே வந்நு, மோளே? லாரி ஒண்ணும் கண்டில்லையே" என்றார் குமுளிப் பெரியவர், பாதி மலையாளத்தில்.

"நீங்க வந்த பெறகு கவுந்திருக்கும்."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கல்லைச் சரிசெய்வதுபோல் நகர்ந்துவிட்டேன்.

மேஜைகளில் கிடந்ததை எல்லாம் நிதானமாகப் பார்த்திருக்க வேண்டும். பத்து வருடமாகத் தேடியது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் என் காது வாசலில் இருந்தது. அண்ணனுடைய ஜீப்புக்கு சைலன்ஸர் ஓட்டை, தெரு முனையில் வரும்போதே தெரியும். எந்த வண்டி உறுமினாலும் ஜன்னல் இடுக்கில் போய்ப் பார்ப்பேன். பதினோரு மணிக்கு மேல் வாத்தியார் மைக்கைப் பிடித்தார். சார் வரும்வரை சார் சார்பில் நானே இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று ஆரம்பித்தார். அப்போதுதான் கவனித்தேன். அவர் உயரமாக இருந்தார். கண்ணாடி போட்டிருந்தார்.

அதே நேரம் ஜீப் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்க் கதவில் சாய்ந்துகொள்ள நினைத்தேன், மேஜைகளைச் சுற்றி வருவதற்குள் பிந்திவிட்டது. அண்ணன் தட்டவில்லை. விட்டான் ஒரு உதை. தாழ் தெறித்து விழுந்தது, இரண்டு கதவும் சுவரில் போய் மோதின, அவனுக்குப் பின்னாலேயே ஆடிக்காற்று உள்ளே வந்தது. கல்லாவது ஒன்றாவது. நாற்பது ஐம்பது வருடத்துக் காகிதமெல்லாம் மேஜையை விட்டு எழுந்து மண்டபம் முழுக்கப் பறந்தது. தீப்பெட்டிப் படங்கள் பொரிபோல் சிதறின. அண்ணன் எதையும் பார்க்கவில்லை. மைக்கில் நின்ற கண்ணாடிக்காரரைப் பார்த்தான், நேராகப் போனான், சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கையை ஓங்கிவிட்டான்.

"நீதானாலே அந்தச் சாரு?"

மைக் அதை ஊருக்கே கேட்கச் செய்தது. வாத்தியார் அவன் கையைப் பார்க்கவில்லை. மேலே பறக்கிறதைப் பார்த்துக்கொண்டு கெஞ்சினார்.

"தம்பி, தம்பி, மொதல்ல அந்தக் கதவச் சாத்துங்க. சாத்திட்டு வந்து அடிங்க. இங்கனயேதான் நிப்பேன், எங்கயும் போகமாட்டேன்."

அண்ணன் திகைத்துவிட்டான். அடி வாங்கப் போகிறவன் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. நான் அப்போதுதான் அவன் கையைப் போய்ப் பிடித்தேன்.

"விடுண்ணே. அவுக இல்ல. அப்படி ஒரு ஆளே கெடையாது. நான்தான் அது."

"யாரக் காப்பாத்தப் பாக்குற?"

"யாரையும் இல்லண்ணே. எழுதுனது நானு. போன்ல பேசுனது நானு. மண்டபம் பிடிச்சது நானு. சாருன்னு யாருமே இல்ல."

அவனுக்கு வாத்தியாரை விட்டுவிடுவதா, என்னை அறைவதா என்று தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழவில்லை. திறந்து பார்த்தால், மண்டபமே அவனைப் பார்த்துக் கதவு, கதவு என்று கத்திக்கொண்டிருந்தது. அவன் போய்க் கதவைச் சாத்தினான். சாத்தினால் நிற்கவில்லை, தாழைத்தான் உடைத்துவிட்டானே. கையை எடுத்தால் காற்று தள்ளியது. வேறு வழியில்லாமல் முதுகைக் கொடுத்துக் கதவை அழுத்திக்கொண்டு நின்றான். என்னை முறைத்தபடி சாயங்காலம் வரைக்கும் அங்கேயேதான் நிற்கும்படி ஆனது.

மற்றவர்கள் தரையில் ஊர்ந்து பொறுக்கினார்கள். எது யாருடையது என்று ஒரே குழப்பம். எனக்குத்தான் தெரியும். யாரிடம் என்ன இருக்கிறது, அட்டை இல்லாதது யாருடையது, கடற்கொள்ளைக்காரன் கதையில் இரண்டாம் பாகம் மட்டும் இல்லாமல் தவிப்பது யார் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். பிரித்துக் கொடுத்தேன். இது கம்பத்து அண்ணாச்சிது. இது குமுளி அய்யாவோடது, மூலையில் டீக்கறை இருக்கும் பாருங்க. ஒவ்வொருவராக என் குரலைக் கேட்டு நிமிர்ந்தார்கள். "அப்ப நீதானா மோளே, இத்தன நாளும்?" என்று பெரியவர் சிரித்தார். வாத்தியார் கசங்கிய சட்டையோடு வந்து எனக்குக் கும்பிடு போட்டார். எனக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. கதவில் நிற்பவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஜீப்பில் வீட்டுக்குக் கிளம்பினோம். வீரபாண்டிப் பாலம் தாண்டும்போது, அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று கேட்க வாயைத் திறந்தேன். கியரை மாற்றி வண்டியை உறுமவிட்டான். மூடிக்கொண்டேன்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு பேரும் எங்கன போய்ட்டு வாறீக?"

அண்ணன் சாவியைச் சுழற்றிக்கொண்டு சொன்னான். "ஒரு கல்யாணத்துக்கு."

"ஏலே, ஆடி மாசத்துல எவன்டா கல்யாணம் வச்சான்?"

மண்டபம் சுலபமாகக் கிடைத்த அதே ஆடி. போச்சு, முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றினான், ஒன்றை, பிறகு இன்னொன்றை.

"வேதக்காரக வீட்டுக் கல்யாணம்ப்பா, சர்ச்சுல. தேனி பஜார்ல கடை வச்சிருக்காக. அவுகளுக்கு ஏது ஆடி? இவளையும் கூட்டியாரச் சொன்னாக."

அப்பா யோசித்தார். "சாப்பாடு?"

"பிரியாணி."

"அப்பச் சரி" என்று அப்பா உள்ளே போனார். பிரியாணி தின்று வந்தவர்களுக்குச் சோறு எதற்கு என்று அம்மா பானையில் தண்ணீர் ஊற்றிவிட்டார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வயிறு எங்கள் இரண்டு பேருக்கும். அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தான்.

மறுநாளிலிருந்து ஜீப்பை விட்டதும் நேராகப் பூத்துக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தான். காவல்தான், வேறென்ன. போன் அடிக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பான். நான் யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. இவன் இன்றைக்கு அப்பாவிடம் சொல்வானா, நாளைக்குச் சொல்வானா என்ற பயத்திலேயே அந்த வாரம் கழிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கூண்டில் ஒருவருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நான் எட்டுவதற்குள் அண்ணன் எடுத்துவிட்டான். எதிர்முனைக் குரல் எனக்குக் கேட்டது, புதுக் குரல், உத்தமபாளையமோ எங்கோ. காமிக்ஸ் சார் இருக்காரா என்று கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தான், பிறகு ரிசீவரில் பேசினான்.

"சாருன்னு இங்கன யாரும் இல்லைங்க. மேடம்தான் இருக்காக. குடுக்கவா?"