நீல நோட்டில் ஒரு பெயர்

1985 மே ஐந்தாம் தேதி தொடங்கி 1988 ஆகஸ்டு ஏழாம் தேதி வரை நூற்று எழுபத்தொரு ஞாயிற்றுக்கிழமைகள். கதிர்காமநாதன் தவறவிட்டவை இரண்டே இரண்டு. ஒன்று அம்மை போட்டிருந்த வாரம், மற்றது தைப்பிங்கில் மைத்துனி மகளின் கல்யாணம். மற்ற எல்லா ஞாயிறும் காலை ஏழு ஐம்பதுக்கு ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ் மாதா கோவிலின் வாசல் மேசை முன்னால் நிற்பார். நூலில் கட்டித் தொங்கும் பேனாவை இரண்டு முறை உதறுவார். சட்டைப் பையிலிருந்து ஆறங்குல அடிக்கோலை எடுத்து, நீல அட்டை போட்ட நோட்டில் ஒரு கோடு போடுவார். கோட்டின்மேல் எழுதுவார்: கமலாம்பிகை.

வயது ஐம்பத்து நான்கு. தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்தவர், அப்பாவும் கிராணி, இவர் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவேட்டு அறையில் தலைமைக் கிராணி. ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், ஃபைலை டாக்டருக்கே திருப்பி அனுப்பிவிடுவார். "கட்டம் போட்டா நிரப்பத்தானே? அழகுக்கா போட்டிருக்கான்?" என்பார். உயிரோடு இருப்பவர்களின் ஃபைல்கள் முன்பக்க அலமாரியில். இறந்தவர்களுடையவை பின்னறைக்குப் போகும். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் அந்தக் கதவைக் காட்டி, "அங்க வைக்கிறதுக்கு முன்னால ரெண்டு தடவை பாருங்க. அதுக்கப்புறம் அதைக் கேட்டு யாரும் வரமாட்டாங்க" என்று சொல்வார்.

கோவிலில் அவர் இடம் கடைசி பெஞ்சு, தூணோரம். மற்றவர்கள் எழும்போது அரை நொடி தாமதமாக எழுவார். அவர்கள் முழங்காலில் நிற்கும்போது உட்கார்ந்தே இருப்பார். நன்மை அப்பம் வாங்க முன்னால் போவதில்லை. நெற்றியில் விபூதி, அழிக்காமலேயே வருவார். பூசையில் மன்றாட்டு வாசிக்கும் உபதேசியார் நல்லமுத்துதான் ஒருநாள், "எங்களுக்கு வருஷத்துல ஒருநாள்தான் நெத்தியில சாம்பல், உங்களுக்கு வாராவாரம் விபூதிப் புதன்தானா கிராணியார்?" என்று கேட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர் நல்லமுத்து. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை குரல் எட்டும். கதிர்காமநாதன் சிரித்துக்கொண்டார். நல்லமுத்துவும் அதற்கு மேல் துருவவில்லை.

1985 மார்ச்சில் அவருடைய ஒரே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் பிள்ளை இல்லை. வயது பதினொன்று. காரியங்கள் ஒரே வாரத்தில் முடிந்தன. பெற்றவர்கள் பிள்ளைக்குத் திவசம் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று உறவில் மூத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் பெயரைச் சொல்வதையே நிறுத்திக்கொண்டார்கள். பெற்றவளுக்கு மனசு தாங்காதாம். மனைவி ஞானாம்பிகை அதன்பின் தண்ணீர்மலை முருகன் கோவில் படியேறவில்லை. "முருகனோட கோபமெல்லாம் இல்ல. பேச்சுவார்த்தை இல்ல, அவ்வளவுதான்" என்றாள்.

மே மாதம் ஒரு ஞாயிறு, பஸ்ஸுக்குக் காத்திருந்தவரை மழை துரத்தி அந்தக் கோவில் வாசலுக்குள் தள்ளியது. மேசையில் இரண்டு நோட்டுகள். சனங்கள் வரிசையாக நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டைக் கண்டால் கதிர்காமநாதனால் சும்மா கடந்து போக முடியாது. பேனா கட்டியிருந்த நோட்டில் எழுதினார். பெயர், வயது. கால் மணி நேரம் கழித்து முன்னாலிருந்து ஒரு முரட்டுக் குரல் வாசித்தது: "கமலாம்பிகை, வயசு பதினொண்ணு." இருநூறு பேர் எழுந்து நின்று, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். இரண்டு மாதங்களாக யார் வாயிலிருந்தும் வராத பெயர். அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மழை விட்டபிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

நீல நோட்டு நோயாளிகளுக்கு, பழுப்பு நோட்டு மரித்தவர்களுக்கு. அது அவருக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால், "தெரியாமத்தான் எழுதினேன்" என்பார். கொஞ்சம் பொறுத்து, "முதல்ல தெரியாது" என்பார். அடுத்த ஆண்டு பிறந்தநாள் கழிந்த ஞாயிறு, வயதுக் கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினார். பிறகு பதின்மூன்று. இப்போது பதினான்கு. வீட்டில் பசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருவார். திரும்பும்போது மறக்காமல் கங்கோங் கீரையும் மீனும் வாங்கிப் போவார்.

மூன்று வருடமாகப் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பிள்ளையை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லையே என்று நல்லமுத்துவின் மனைவிக்குத்தான் உறுத்தியது. ஆகஸ்டு பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம், ஒரு மைலோ டின்னும் ஆறு ஆரஞ்சுமாக இருவரும் ஆயர் ஈத்தாமில் அவர் குடியிருக்கும் ஃபிளாட்டைத் தேடிக் கண்டுபிடித்து ஏறினார்கள். கிராணியாருக்கு இன்னும் வேலை முடியவில்லை. ஞானாம்பிகை கம்பிக்கதவைத் திறக்காமலே யாரென்று கேட்டாள்.

"கமலாம்பிகையைப் பார்க்க வந்தோம்க்கா. இப்ப எப்படி இருக்கு பிள்ளைக்கு?"

ஒன்றரை மணிக்கு வீடு திரும்பிய கதிர்காமநாதன் வாசலில் அந்நியச் செருப்புகளைக் கண்டார். உள்ளே மாலை போட்ட படத்துக்குக் கீழே ஆரஞ்சுப் பை இருந்தது. நல்லமுத்துவின் மனைவி அழுது முடித்த முகத்தோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகை மகளின் பள்ளிக்கூட நோட்டுகளை விரித்துப் போட்டு, கணக்கில் புலி, கையெழுத்துத்தான் கோழிக் கிறுக்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய அந்தக் குரலைக் கேட்டு மூன்று வருடமாகிறது.

அவரைக் கண்டதும் அவள் நிறுத்தினாள். "முப்பது வருஷமா ஃபைல் அடுக்கிற மனுஷன், உங்களுக்கா எந்த நோட்டுன்னு தெரியல?"

அவர் கையிலிருந்த குடையை மூலையில் சாத்தினார்.

"அங்க போய் என்னதான் கேட்டீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கல. அவங்கதான் கேட்டாங்க" என்று நல்லமுத்துவைக் காட்டினார். "நான் சும்மா கேட்டுக்கிட்டிருந்தேன்."

நல்லமுத்துவுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. "தப்பு ஒண்ணுமில்ல கிராணியார். நாளைக்குப் பழுப்பு நோட்டுல எழுதிருவோம்லா."

"அதுல எழுதினா பின்னறை."

"அதையும் நான்தான் வாசிக்கிறேன், பின்னறையாவது முன்னறையாவது. ஆனா எனக்கு ஒண்ணு புரியல." நல்லமுத்து தலையைச் சொறிந்தார். "மூணு வருஷமா இருநூறு பேரு இந்தப் பிள்ளைக்குச் சுகம் கேட்டோம். அதெல்லாம் எங்க போயிருக்கும்? பூசை வைக்கிற சாமியார்கிட்டதான் கேக்கணும்."

மேல்மாடியில் யாரோ ரேடியோவைத் திருகினார்கள். ஞானாம்பிகைதான் ஆரஞ்சு ஒன்றை உரித்தபடி சொன்னாள்: "வேற யாராச்சும் ஒரு பிள்ளைக்குப் போயிருக்கும்." சுளைகளைப் பிரித்து மூவருக்கும் கொடுத்தாள். பிறகு கணவரிடம், "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"நீ ஏன்? உனக்குத்தான் அங்க ஒண்ணுமே தெரியாதே."

"உங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? பேரைச் சொல்றாங்கல்ல. நானும் கேக்கணும்."

மறுநாள் ஏழு ஐம்பதுக்கு இருவரும் மேசைக்கு வந்தார்கள். நல்லமுத்து பேனாவை நூலிலிருந்து அவிழ்த்து இரண்டு நோட்டுகளுக்கும் நடுவில் வைத்திருந்தார். கதிர்காமநாதன் நீல நோட்டைத் திறந்தார், மூடினார். பழுப்பு நோட்டைத் திறந்தார். இதில் வயதுக்குக் கட்டம் இல்லை. பெயர், இறந்த தேதி. அடிக்கோலை வைத்துக் கோடு போட்டார். பெயரை எழுதினார். அடுத்த கட்டத்துக்குப் போன பேனா காகிதத்தைத் தொடாமலே நின்றது. பின்னால் வரிசை நீண்டது. ஒரு கிழவர் செருமினார். கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பேனாவை அவரிடம் கொடுத்தார்.

ஞானாம்பிகை தூணோரம் உட்கார்ந்துகொண்டாள். நீல நோட்டை வாசித்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதில் ஒன்பது பெயர்கள். கதிர்காமநாதன் ஒன்பதையும் கவனமாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தவர் முடிந்தது தெரியாமல் தனியாக நின்றார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

பழுப்பு நோட்டு வந்தபோது கோவிலே முழங்காலில் இருந்தது. இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. பெயர்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழும். மூன்று பெயர்கள் போயின.

"கமலாம்பிகை."

ஞானாம்பிகை சட்டென்று எழுந்து நின்றாள், பரிசளிப்பு விழாவில் மகளின் பெயரைக் கூப்பிட்டதுபோல. முன்னால் நூற்றுக்கணக்கான முதுகுகள், எல்லாம் குனிந்திருந்தன. உட்கார வேண்டுமா என்று அவள் கணவரைப் பார்த்தாள். அவருக்கும் தெரியவில்லை. அரை நொடி தாமதமாக அவரும் எழுந்தார்.

நல்லமுத்து தலை நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். பிறகு ஐந்தாவது பெயரை வாசித்தார்.