பூசணிக்காய் வைத்த வீடு மட்டும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேய்களை மேய்க்கப் போனேன்.

சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு சூனியக்காரி, ஒரு எலும்புக்கூடு, இரண்டு ரத்தக் காட்டேரிகள். கடைசியில் வெள்ளைப் போர்வைக்குள் தடுக்கித் தடுக்கி நடந்து வந்த ஒரு குட்டிப் பேய். சூனியக்காரி என் தங்கையின் மூத்த மகள் தியா. குட்டிப் பேய் அவளுடைய தங்கை நிலா, நாலு வயசு. எலும்புக்கூடு பின் வீட்டு வெய் ஜி. காட்டேரிகள் இரண்டும் மூன்றாவது வரிசை வீடுகளில் இருக்கிற இரட்டைப் பிள்ளைகள். மேய்ப்பர், முட்டிவலிக்காரியான நான்!

எனக்கு ஏன் இந்த வேலை? தங்கைக்கு அன்றைக்குக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஷிப்ட். "அக்கா, ஒரு மணி நேரம்தான்லா, கூடப் போய்ட்டு வந்துரு" என்றாள். ஓய்வு பெற்ற டீச்சர் என்றால் எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள், பேய் மேய்க்கலாம்.

கோலா சிலாங்கூரில் ஹாலோவீன் எப்போது நுழைந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நுழைந்துவிட்டது. டவுன் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். தீபாவளிக்கு விற்காத முறுக்கு டின் பாதி விலையில் கிடக்கிறது. அதற்கு மேல் தட்டில் பிளாஸ்டிக் மண்டை ஓடு. அதற்கும் பின்னால் கிறிஸ்துமஸ் மரம் அட்டைப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கிறது. மூன்று பண்டிகைக்கும் ஒரே ராக். கடைக்காரருக்கு எல்லாச் சாமியும் ஒன்றுதான்.

தியாவின் சூனியக்காரி உடுப்பு ஆன்லைனில் வந்தது. விலை கிட்டத்தட்ட அறுபது வெள்ளி. தொப்பி தனி, மூஞ்சியில் பூசுகிற சாயம் தனி, மிட்டாய் வாங்கிப் போட்டுக்கொள்ள பூசணிக்காய் வடிவத்தில் ஒரு வாளி, அதுவும் தனி. நான் என்ன சொன்னேன்? "என் பழைய கறுப்புச் சுடிதார் ஒண்ணு இருக்கு, வெட்டித் தைச்சுத் தரேன்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரிமா, அது விட்ச் மாதிரி இருக்காது. அது ஆன்ட்டி மாதிரி இருக்கும்."

வாயை மூடிக்கொண்டு காசைக் கொடுத்தேன்.

அதே கடையில் அதே நாள் நான் மெழுகுவத்தியும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். அம்மா அப்பா கல்லறைக்குப் போகவேண்டும். பெரிய பாக்கெட் வாங்குவதா, சின்ன பாக்கெட் போதுமா என்று நின்று யோசித்தேன் பாருங்கள்... அப்போதுதான் எனக்கே உறைத்தது. இல்லாத பேய்க்கு நூறு வெள்ளியை யோசிக்காமல் கொடுக்கிறோம். நம்மைப் பெற்று வளர்த்த ஆத்துமாக்களுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறோம். பெரிய பாக்கெட்டே வாங்கினேன். வீம்புக்குத்தான்.

சரி, பேய்களுக்கு வருவோம்.

எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா இனத்தாரும் இருக்கிறோம். எல்லாருக்கும் இந்தக் கூத்து ஒத்துவராது. அதனால் வெய் ஜியின் அம்மா குடியிருப்பாளர் வாட்சப் குரூப்பில் ஒரு விதி போட்டார். பூசணிக்காய் வைத்த வீட்டுக் கதவை மட்டும் தட்டவேண்டும், மற்ற வீடுகளைத் தொந்தரவு செய்யக்கூடாது. நல்ல விதிதானே? நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டேன்.

முதல் நாலைந்து வீடுகள் பிரச்சினையில்லை. வாசலில் பேட்டரி பூசணிக்காய் பல்லை இளித்துக்கொண்டு மின்னியது. பிள்ளைகள் கத்தினார்கள், உள்ளே இருந்தவர்கள் பயந்த மாதிரி நடித்தார்கள், வாளியில் சாக்லேட் விழுந்தது. ஒரு வீட்டில் ஆளுக்கொரு பை, பெயர் எழுதி ரிப்பன் கட்டியிருந்தார்கள். கல்யாண வீட்டுப் பை தோற்றது. அடுத்த வருஷம் மற்ற வீடுகளும் ரிப்பன் கட்டியாக வேண்டும், அதுதானே நம் வழக்கம்.

ஏழு மணி தாண்டி இருட்டத் தொடங்கியது. மூலை வீட்டுக்கு முன்னால் வெய் ஜி நின்றான்.

"வாவ்! திஸ் ஒன் ரியல் பம்ப்கின்!"

நிமிர்ந்து பார்த்தேன்.

வாசல் நிலைக்கு மேலே, கயிறு கட்டி, ஒரு பெரிய வெள்ளைப் பூசணி தொங்கியது. உருட்டி விழிக்கிற கண், முறுக்கு மீசை, தொங்குகிற சிவப்பு நாக்கு. திருஷ்டிப் பூசணி! பிள்ளைகளின் மேல் குற்றம் சொல்ல முடியுமா? தெருவிலேயே பயங்கரமான பூசணிக்காய் அதுதான்.

"அங்க வேணாம்! தியா, நில்லு!"

"பம்ப்கின் இருக்கு பெரிமா. ரூல்!"

ரூல் படிக்கிற வயசில் ரூல்தான் பெரிது, என்ன செய்வது? நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்குள் ஐந்தும் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மணியை அடித்துவிட்டன.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கெர்லிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆவணி மாதத்தில் வாடகைக்கு வந்த குடும்பம். மகன் குமரேசன் லோரி ஓட்டுகிறார். அம்மா பார்வதி அக்கா. மருமகள் செல்வி. பால் காய்ச்சியபோது ஒருத்தரையும் கூப்பிடவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் மட்டும் வந்தது, அதையும் பார்வதி அக்கா கேட்டுக்கு வெளியே நின்றே கொடுத்துவிட்டுப் போனார். மருமகளை நாங்கள் யாரும் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. 'தலைக்கனம் பிடிச்ச குடும்பம்' என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. நானும் அதில் கையெழுத்துப் போட்ட ஆள்தான்.

கதவு திறந்தது.

செல்வி நின்றாள். கையில் தீப்பெட்டி. விளக்கேற்றப் போனவள் அப்படியே வந்திருக்கிறாள். நைட்டிக்கு மேல் துண்டு. துண்டு மறைக்கிற வயிறா அது? நல்ல நிறை வயிறு.

"டிரிக் ஓர் டிரீட்!" என்று ஐந்தும் கத்தின.

செல்வி ஓரடி பின்னால் போனாள். ஒரு கை தானாக வயிற்றுக்குப் போனது. உள்ளேயிருந்து பார்வதி அக்கா ஓடிவந்தார். வந்தவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? மருமகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, சேலையை விரித்து அவள் வயிற்றை மறைத்தார்.

"யாருலா இது? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வைக்கிற நேரத்துல, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுல பேய் வேஷம் கட்டிட்டு வர்றீங்க! அறிவு இருக்கா?"

"அக்கா, மன்னிச்சிருங்க, பிள்ளைங்க தெரியாம..."

"டீச்சரா? படிச்சவங்கதான நீங்க? இது மூணாவதுங்க. முன்ன ரெண்டு தங்கலை. ரெண்டு தடவையும் சந்தோசத்துல ஊரெல்லாம் சொன்னோம், எல்லாரும் வந்து பார்த்தாங்க, போச்சு! கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? ஒரு கண்ணு படாம பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். இதுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா..."

விரித்த சேலையை இன்னும் இழுத்துப் பிடித்தார். கோபம் என்று நினைத்தேன், கோபமே இல்லை. அந்த அம்மாளுக்குப் பயம்.

கண்ணேற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த நிமிஷம் மாதாவே, இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். நம்பிக்கை இல்லாதவளுக்கு ஏன் அப்படி வேர்க்கவேண்டும்?

அப்போது ஒரு அழுகைச் சத்தம். குட்டிப் பேய்! நிலா போர்வையைத் தூக்கிவிட்டு, மேலே தொங்கிய பூசணியைக் கண்கொட்டாமல் பார்த்து ஓவென்று அழுதாள்.

"அது பேட் கோஸ்ட்... பெரிமா, அது பேட் கோஸ்ட்..."

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்க முடியவில்லை. மாமியாரை மெல்ல விலக்கிவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி படியில் உட்கார்ந்தாள்.

"வாம்மா இங்க. அது கெட்ட பேய் இல்ல. அது காவக்காரரு."

நிலா போனாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு அந்த வயிற்றையே பார்த்தாள். பிள்ளைகளுக்கு எது கேட்கலாம், எது கேட்கக்கூடாது என்று தெரியுமா?

"உள்ள பேபி இருக்கா?"

பார்வதி அக்காவின் கை மறுபடி சேலைக்குப் போனது.

"இருக்கு" என்றாள் செல்வி. "உள்ள இருக்கு. இப்பக்கூட ஒதைக்குது."

சொல்லிவிட்டு அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஆவணியிலிருந்து அந்தத் தெருவில் இருக்கிறாள், இந்த ஒரு வார்த்தையை வெளி ஆளிடம் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. கடைசியில் ஒரு போர்வைப் பேயிடம் சொன்னாள்.

"உள்ள வா செல்வி" என்றார் பார்வதி அக்கா. குரலில் பழைய வேகம் இல்லை. "பிள்ளைங்கள அனுப்பு."

"வெறுங்கையோடவா அத்தை? எஸ்டேட்ல உங்க மகன் பொறக்கணும்னு மடிப்பிச்சை ஏந்துனேன்னு நீங்கதான சொன்னீங்க? லயத்து வீடு முழுக்க ஏந்துனீங்களே, ஒரு வீட்டுல வெரட்டுனாங்களா?"



மடிப்பிச்சை தெரியும்தானே? பிள்ளை வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட பெண், மஞ்சள் சேலை கட்டி, வீடு வீடாகப் போய் முந்தானையை ஏந்துவாள். கையில் வசதி இருந்தாலும் ஏந்தத்தான் வேண்டும். வீட்டுக்காரர்கள் ஒரு பிடி அரிசி போடுவார்கள். இல்லை என்று சொல்கிற வழக்கமே கிடையாது. எங்கள் தோட்டத்தில் எங்களைப் போன்ற வேதக்கார வீடுகளிலும் போடுவோம், யாரும் மதம் பார்த்ததில்லை.

பார்வதி அக்கா செல்வியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். அப்புறம் விறுவிறுவென்று உள்ளே போனார். கதவைச் சாத்தப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு குண்டான் நிறைய அரிசியோடு திரும்பி வந்தார்.

"ஏந்துங்கலா!"

ஐந்து வாளிகள் நீண்டன. சாக்லேட்டுக்கு மேல், ஜெல்லிக்கு மேல், ரிப்பன் கட்டிய பைக்கு மேல், ஆளுக்கு ஒரு பிடி பச்சரிசி விழுந்தது. வெய் ஜி வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஆன்ட்டி... ஹவ் டு ஈட்?"

"வீட்டுல டீச்சர் பொங்கிக் குடுப்பாங்க. எல்லாரும் சேர்ந்து சாப்பிடணும், கொட்டக்கூடாது. தெரியுதா?" என்றார் பார்வதி அக்கா தமிழில். வெய் ஜி தனக்குப் புரிந்தமாதிரியே தலையாட்டினான். அந்தக் குரலுக்கு எந்த மொழிக்காரனும் தலையாட்டுவான்.

மறுநாள் காலையில் சாக்லேட் காகிதங்களுக்கு நடுவிலிருந்து அரிசியைப் பொறுக்கி எடுத்தேன். அரை மணி நேரம் ஆனது. சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். ஐந்து பேரும் வந்து சாப்பிட்டார்கள். வெய் ஜி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இந்த மிட்டாய்தான் பெஸ்ட் என்று சான்றிதழ் கொடுத்தான்.

இந்த ஹாலோவீனே வெள்ளைக்காரன் கூத்து, காசுக்குப் பிடித்த கேடு, என்று எழுதத்தான் இந்த வாரப் பத்திக்கு உட்கார்ந்தேன். காசுக்குக் கேடு என்பதில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். பேய்க்குப் பயப்படாதவர்கள்தான் பேய் வேஷம் போடுகிறார்கள். உண்மையாகவே பயந்தவர்கள் வேஷம் போடுவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறார்கள். நாம் வெளியில் இருந்துகொண்டு தலைக்கனம் என்கிறோம். ஒரு தடவை மணியை அடித்துப் பார்த்திருந்தால் என்ன?

இதை எழுதுகிறேனே, பார்வதி அக்காவிடம் அனுமதி கேட்காமலா எழுதுவேன்? நேற்று காலையில் கேட்கப் போனேன். செல்வி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே! ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, எத்தனை மாசம் என்று மலாய் மொழியில் கேட்டார். எனக்குப் பக்கென்றது. செல்வி மாமியாரைப் பார்த்தாள்.

"துஜூ!" என்றார் பார்வதி அக்கா. ஏழு மாசமாம். மூன்று வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். முகத்தில் பயம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். விரல் சேலை நுனியைத் திருகிக்கொண்டேதான் இருந்தது.

"எழுதுங்க டீச்சர், பரவால்ல. அடுத்த வாரம் வளைகாப்பு வைக்கலாம்னு இருக்கேன். தெருவுல எல்லாருக்கும் சொல்லணும். அந்தப் பேய்ங்க அஞ்சையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."

சரி என்று கேட்டைத் தாண்டினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"டீச்சர்! மூஞ்சிய மட்டும் கழுவி விட்டுக் கூட்டியாங்க!"