திரும்பி வரக் கூடாத பெட்டி

ஊருக்குப் புதிதாக வந்த சாமானை விற்கிறவர்களுக்கு மற்ற கடைக்காரர்களுக்கு இல்லாத ஒரு வியாதி உண்டு: வாசலில் யார் தலை தெரிந்தாலும் வயிறு கலங்கும்.

கடையில் நின்று பிழைத்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. நேற்று சிரித்த முகத்தோடு வாங்கிப் போனவர் இன்று அதே பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சரியாக அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போக வேண்டும் என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் டி.வி., ரேடியோ விற்கும் கடை ஒன்றில் நான் வேலைக்கு இருந்தேன். சேலத்தில் ரிப்பேர் வேலை படித்துவிட்டு வந்தவள். சென்னைக்குப் போய் வந்த எங்கள் முதலாளி மாணிக்கம், வீடியோ கேம் பெட்டிகளாகக் கொண்டுவந்து இறக்கினார். டி.வி.யோடு ஒயரால் இணைத்து விளையாடுவது. கையில் பிடிக்கப் பட்டன் வைத்த கட்டை, ஆட்டத்துக்குக் கேசட், கரண்டுக்கு அடாப்டர், ஆசைப்பட்டால் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. யாருக்கு எது தேவை என்று சொல்லி விற்பதும், வீட்டுக்கே போய் மாட்டிக் கொடுப்பதும் என் பொறுப்பு. முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்: "ரோசி, ஒரு பொட்டி திரும்பி வந்தாலும் சரி, நீ ஊட்லயே இருந்துக்க கண்ணு."

வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆத்தூரில் அம்மா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தாள். வேலை இருக்கிற வரை கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை, வேலை போனால் மறுபேச்சுப் பேசாமல் கழுத்தை நீட்டுவது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். அந்த மாப்பிள்ளையின் போட்டோவை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒவ்வொரு பெட்டியையும் கைக்குழந்தையை ஒப்படைப்பது போல ஒப்படைத்தேன்.

கூரைக்குப் போனவர்

நான் மாட்டப் போன முதல் வீடு கிளியூரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. வெள்ளிக்கிழமை சாயங்காலம். கொஞ்ச நேரத்தில் டி.வி.யில் சினிமாப் பாட்டு போடுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் எதிரில் நான் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கினேன். ஒரு கிழவர் "அய்யோ" என்றார். அந்த ஓட்டையில் கேமின் ஒயரைச் செருகி, டி.வி.யின் முன்னால் சேனல் பிடிக்க இருக்கும் சின்னத் திருகாணிகளைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். திரையில் புள்ளி தவிர ஒன்றும் வரவில்லை.

எங்கள் மலையில் டி.வி.யில் படம் வராவிட்டால் வீட்டு ஆண்பிள்ளை கூரைக்குப் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே அவர் மேலிருந்து "வருதா?" என்று கேட்பார், கீழே இருப்பவர்கள் "இல்ல" என்பார்கள். வீட்டுக்காரர் சின்னப்பனும் பழக்க தோஷத்தில் ஏறிவிட்டார். நான் கவனிக்கவில்லை. அவர் மேலிருந்து "வருதா?" என்று கேட்டதும், திருகாணி சரியான இடத்துக்கு வந்து கேம் திரையில் பளிச்சென்று தெரிந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. எல்லோரும் சேர்ந்து "வந்துருச்சு!" என்று கத்தினார்கள். சின்னப்பன் அப்படியே ஆன்டெனாவைக் கம்பி வைத்து இறுக்கக் கட்டிவிட்டு இறங்கினார்.

பாட்டு நேரம் வந்தது. கேம் ஒயரைப் பிடுங்கி ஆன்டெனா ஒயரை மாட்டினேன். புள்ளி. டி.வி.யைக் கெடுத்துவிட்டேன் என்று அத்தனை கண்ணும் என்னைப் பார்த்தது. நல்ல வேளை, வாசலில் இறங்கி மேலே பார்த்த யாரோ, ஆன்டெனா சேலத்தைப் பார்க்காமல் காட்டைப் பார்த்து நிற்கிறதே என்றார்கள். சின்னப்பன் திரும்ப ஏறிப் போய்ச் சரி செய்த பிறகு பாதிப் பாட்டாவது கிடைத்தது. கேமுக்கும் ஆன்டெனாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். சின்னப்பன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதெப்படிங்க? நான் மேல ஏறித் திருப்புன பொறவுதானுங்க உங்க கேமே வந்துச்சு!"

குளிருக்கு அடக்கம்

ஞானம்மாள் டீச்சர் மிஷன் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் கணவருக்கு விரல்கள் மடங்கவில்லை. விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதால் ஒரு பெட்டி வாங்கினார். பட்டன் பெரிதாக இருக்கிற கட்டையாகப் பார்த்து நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பத்து நாள் கூட ஆகவில்லை, ஆள் அனுப்பிவிட்டார்: விளையாடிக்கொண்டு இருக்கும்போதே படம் ஆடுகிறது, பிறகு நின்றுபோகிறது, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

போகிற வழியெல்லாம் எனக்கு ஆத்தூர் போட்டோ கண் முன்னால் வந்தது. போய்ப் பார்த்தால் பெட்டியையே காணோம். நூலில் பூப் பின்னிய உறை ஒன்றுக்குள் கழுத்து வரை அது புதைந்திருந்தது. அடாப்டருக்கு அவர் கணவரின் கம்பளிக் காலுறை. இரண்டும் அடுப்புப் போலக் கொதித்தன. எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு, சூடு வெளியே போனால்தான் டீச்சர் இது வேலை செய்யும் என்றேன். கணவர் கட்டையை இறுக்கிப் பிடித்தபடி சிரித்தார். விரல் மடங்கியிருந்தது. டீச்சர் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் உறையைக் கையிலிருந்து கீழே வைக்க அவருக்கு மனசே வரவில்லை. "ஸ்வெட்டரு போட்டுக்கிட்டும் எனக்கே நடுங்குது சாமி, அது வெறும் பிளாஸ்டிக், அதுக்குக் குளிராதா?"

முன்னால் பறந்த குறி

மாரமங்கலத்துப் பெரியசாமி காப்பியும் மிளகும் பயிரிடுகிறவர். கடையில் அத்தனை சாமான்களையும் பரப்பி வைத்து நான் ஒவ்வொன்றாக விளக்கினேன். வோல்டேஜ் ஏறி இறங்குமே, ஸ்டெபிலைசர் வாங்குங்கள் ஐயா என்றேன். அவர் காதில் வாங்கவே இல்லை. துப்பாக்கியைக் கையில் எடுத்தவர் எடுத்ததுதான். வாலிபத்தில் அந்தப் பக்கத்திலேயே அவரைப் போல் குறி பார்க்க ஆள் கிடையாதாம். இதை அவர் சொல்லவில்லை, கூட வந்த சம்சாரம் சொன்னார்.

பஸ்ஸில் போய், இறங்கி நடந்து, அவர் வீட்டில் மாட்டி முடித்தேன். திரையில் வாத்து பறந்தது. சுட்டார். விழவில்லை. மறுபடி சுட்டார். ஒன்றுகூட விழவில்லை. வீடே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அதைவிட அவர் அடுத்து சொன்னது பயமாக இருந்தது. துப்பாக்கி கோணல், பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார்.

நான் சுட்டுப் பார்த்தேன். விழுந்தது. அது இன்னும் வினையாகிவிட்டது. ஒரே ஒரு தடவை சுடுங்கள் என்று கெஞ்சி, அவருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. துப்பாக்கி முனை எப்போதும் வாத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. குண்டு போய்ச் சேருவதற்குள் பறவை அந்த இடத்துக்கு வந்துவிடும் என்கிற காட்டுக் கணக்கு. வாத்தின் மேலேயே வையுங்கள் ஐயா என்றேன். நம்பாமல் வைத்தார். விழுந்தது. அதற்குப் பிறகு விழுந்துகொண்டே இருந்தது. நான் சந்தோஷத்தில் கை தட்டினேன். அவர் மட்டும் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சலித்துக்கொண்டார். "இதெல்லாம் ஒரு வாத்துங்களா? சுடற வரைக்கும் அங்கயே நின்னுக்கிட்டு இருக்குது. காட்டுக்குள்ள உட்டா ஒரு நாள் தாங்காதுங்க!"

களத்தில் ஒரு கேசட்

கொட்டச்சேட்டில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர், பெயர் சவரிமுத்து. கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். கேசட்டைச் செருகினால் திரையில் கோடு கோடாக வருகிறது என்றார். எல்லோரும் செய்வது போல அதை வாயருகே வைத்து ஊதினாராம். பனி மூட்டத்தில் கேசட் ஏற்கெனவே ஈரம் வாங்கியிருக்கும், மூச்சுக் காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். ஊதாதீங்க, நன்றாகக் காய்கிற இடத்தில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

எஸ்டேட்காரருக்குக் காயப்போடுகிற இடம் என்றால் ஒரே இடம்தான். அது காப்பி அறுவடைக் காலம். களம் முழுக்கக் கொட்டை பரப்பி, காய்ந்ததா என்று கடித்துக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனுஷன் கேசட்டைக் கொண்டுபோய் அதன் நடுவில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். மத்தியானம் மேகம் கறுத்ததும் களத்துப் பெண்கள் அவசர அவசரமாக எல்லாவற்றையும் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். மறுநாள் மூட்டை பிடிக்க ஆரம்பித்தாயிற்று. கேசட்டைக் காணோம். கேசட் இல்லாமல் பெட்டி எதற்கு, திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று கடைக்குப் போன் செய்தார். போனை எடுத்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டு, முதலாளி காதில் விழும்படி ராங் நம்பர் என்று சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறினேன். பூசையில் நான் எதற்கு வேண்டிக்கொண்டேன் என்று சாமியாரிடம்கூடச் சொல்ல முடியாது. போய்ப் பார்த்தால் மூட்டைகளைத் தைத்தே வைத்துவிட்டார்கள். பிரித்துத் தேடினால் ரைட்டருக்கும் வேலை போய்விடும். நானும் அவரும் மூட்டை மூட்டையாக வெளியிலிருந்தே அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். களத்து வேலை பார்க்கும் செல்லம்மாள் எங்கள் பின்னாலேயே வந்து, என்ன தேடறீங்க என்றாள். சொன்னோம். கொல்லையை நோக்கிக் கையைக் காட்டினாள். அங்கே ஒரு முறத்தில் கேசட் தனியாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் பல் பதிந்திருந்தது. ரைட்டர் காயப்போட்டது ஆயிற்றே என்று மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டிருக்கிறாள். நான் ஓடிப்போய் எடுத்ததும் செல்லம்மாள் தடுத்தாள். "இன்னும் பதம் வரலீங்க, இப்பத்தான் கடிச்சுப் பாத்தேன், நாளைக்கும் கெடக்கட்டும்."

முதலாளி வீட்டில்

கடைசியில் ஒரு பெட்டிதான் மிச்சம். விற்காத சாமான் கண்ணை உறுத்துகிறது என்று முதலாளி அதைத் தன் வீட்டுக்கே எடுத்துப் போனார். மாட்டப் போனவள் நான்தான். அவர் பக்கத்தில் நின்று, டி.வி.க்கு ஏதாவது ஆகட்டும் அப்புறம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்ததில், பிளக்கை மூன்று தடவை தவற விட்டேன். எல்லாம் ஒழுங்காக வந்தது. அவர் சம்சாரம் சரோஜா அக்கா காப்பி கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் முதலாளி தாமதமாக வந்தார். கண் சிவந்திருந்தது. ஸ்டெபிலைசர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் அடாப்டர். அதற்கு அடுத்து இன்னொரு கட்டை. எங்கள் தொழிலில் ஒருவர் சாமானுக்கு மேல் சாமானாக வாங்குகிறார் என்றால் பெட்டி படுத்துகிறது என்று அர்த்தம். ஏதாவது கோளாறுங்களா என்று கேட்டேன். உன் வேலையைப் பார் என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர் கடை சாத்தும் நேரம் வரை வருவதே இல்லை. ஒரு கட்டத்தில், ஆத்தூர்க்காரருக்குச் சம்பளம் எவ்வளவு என்று அம்மாவிடம் நானே கேட்டுவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் பகலிலேயே எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் பனி. அதற்குள்ளிருந்து குடை பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். அக்குளில் பெட்டி. சரோஜா அக்கா! பெட்டியைக் கவுன்ட்டரில் பொத்தென்று வைத்தார். மனுஷன் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை, இதை எடுத்து உள்ளே வை கண்ணு என்றார். பின்னாலேயே மூச்சிரைக்க முதலாளி வந்து நின்றார். வந்தவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, பெட்டி திரும்பி வந்துவிட்டது, நான் கிளம்பிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுதுவிட்டேன். எதற்கு அழுகிறாய் என்று அக்கா விடாமல் கேட்டதில், முதல் நாள் முதலாளி சொன்ன பேச்சு வெளியே வந்தது. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, பொட்டி திரும்பி வந்தா நிறுத்திப் போடுவீங்களாமா? தூக்கிக்கிட்டு வந்தவ நானு. முடிஞ்சா என்னய நிறுத்துங்க, பாக்கலாம்."

அதற்குப் பிறகு என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆத்தூர் மாப்பிள்ளையும் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார், இன்றைக்கும் என்னோடு குடித்தனம் நடத்துவது அந்த வயிற்றுக் கலக்கம் ஒன்றுதான்.