கால் மணி நேரக் கரண்ட்

எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்பே யூபிஎஸ் வந்துவிட்டது. இதைச் சொன்னால் என்னோடு வேலை பார்ப்பவர்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள். குளிர்ந்த தண்ணீர் குடிக்க வழியில்லாத வீட்டில், கரண்ட் போனால் கீ கீ என்று கத்துகிற கறுப்புப் பெட்டி எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அப்பாவின் தென்னங்கன்றுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா சவுதியில் இருந்தார். நாங்கள் கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். நான் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது விமானம் ஏறியவர், நான் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. முகமாவது மறக்காமல் இருக்கட்டும் என்று, அம்மாவின் தம்பியான, அடுத்த தெருவில் இருந்த என் மாமா புதுக்கோட்டையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தார். தொலைபேசி வயரில் ஒரு சின்ன மோடத்தை மாட்டியதும் இன்டர்நெட்டும் வந்துவிட்டது. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்று மத்தியானம் அம்மா தலைக்குக் குளித்து, பூ வைத்து, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவளைப் போல வந்து கேமராவுக்கு முன்னால் உட்காருவாள். அப்பாவின் அறையில் தங்கியிருந்த எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு லேப்டாப். ஒருவர் பேச்சு அறுந்துபோனால் அடுத்தவர் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் அடுத்த வெள்ளிதான்.

அம்மாவுக்கு அப்பாவிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எப்போது வருகிறீர்கள்? இதைக் கேட்க என்ன பெரிய நேரம் வேண்டும் என்று நினைப்பீர்கள். என் அப்பாவை உங்களுக்குத் தெரியாது. அந்தக் கேள்வியின் பக்கத்திலேயே வராமல் பேசுவதில் அவர் மகா கெட்டிக்காரர். சவுதிக்குக் கிளம்பும்போது நட்டுவிட்டுப் போன தென்னங்கன்றுகள் எப்படி இருக்கின்றன, எது குருத்து விட்டிருக்கிறது, எதில் வண்டு விழுந்திருக்கிறது, போர்வெல்லில் தண்ணீர் எப்படி வருகிறது என்று ஒவ்வொரு கன்றாக விசாரிப்பார். கன்றுகள் முடிந்தால் என் மார்க். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏங்க, நான் ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பாள். டப்பென்று கரண்ட் போய்விடும்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. ஆனால் அம்மாவுக்கு அதில் வேறு சந்தேகம் இருந்தது.

"இந்த ஈ.பி.காரரும் ஒங்கப்பாவும் பேசி வச்சுக்கிட்டுத்தான் செய்யிறாங்க" என்பாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். ஈ.பி. ஆபீஸ் பக்கம் போகும்போதெல்லாம், இவர்களுக்கு அப்பாவை எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே போவேன்.

தப்பித்தவறி ஒரு வாரம் அம்மா கேள்வியைக் கேட்டே விட்டாலும் பிரயோசனம் இருக்காது. அப்பா "வாரேன்" என்பார். எங்கள் ஊரில் கிளம்புகிறவர் யாரும் போறேன் என்று சொல்வதில்லை. அது ஆகாத பேச்சு. வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஃபோனை வைப்பதானாலும் வாரேன்தான். எனவே எப்போது வருகிறீர்கள் என்றாலும் வாரேன், பேச்சு முடிந்தாலும் வாரேன். "அது எந்த வாரேன்? வர்றேன்னு சொல்றீங்களா, வைக்கிறேன்னு சொல்றீங்களா?" என்று அம்மா கத்தும்போது திரையில் ஆள் இருக்க மாட்டார். ஆரம்பத்தில் நான் அந்த வாரேனை நம்பி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றிருக்கிறேன். பஸ்ஸிலிருந்து மீன்கார அம்மாதான் இறங்கினார்.

கடைசியில் ஒரு நாள் அம்மா மாமாவைக் கூப்பிட்டு, கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாமல் இருக்க ஏதோ பெட்டி இருக்கிறதாமே, அதை வாங்க வேண்டும் என்றாள். மாமாவுக்கு ஒரே குஷி. எந்தச் சாமான் வாங்குவதானாலும் அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பெரியதாக வாங்க வேண்டும் என்பதுதான் அது. மூன்று பேரும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனோம்.

கடையில் மாமா நேராக இன்வெர்ட்டருக்கு முன்னால் போய் நின்றார். லாரியில் இருப்பது போல ஒரு பேட்டரி. வீடு முழுக்க ஃபேன், லைட், டிவி எல்லாம் ஓடும், மணிக்கணக்கில் நிற்கும், அவ்வப்போது தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்றார் கடைக்காரர். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கரண்ட் கொடுக்கும் பெட்டியா? கரண்ட் அதற்குள் எங்கே உட்கார்ந்திருக்கும், சும்மா இருக்கும்போது என்ன செய்யும் என்று மாமாவிடம் கேட்டேன். குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது மாதிரிதான் என்றார். தட்டினால் சத்தம் மாறுமா என்று நான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் அம்மாவிடம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டார்.

"ஒரு கேள்வி கேட்டு பதில் வாங்கணுங்க. அம்புட்டு நேரம் நின்னாப் போதும்" என்றாள் அம்மா.

கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். "அக்கா, மச்சான்கிட்ட நல்லா நிதானமாப் பேசலாம்ல? பெருசாவே வாங்குவோம்க்கா."

"நிதானமா நேரம் குடுத்தா அந்த மனுசன் தென்னங்கன்னுலயே ஓட்டிருவாருடா. சின்னதா எடு."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே, கம்ப்யூட்டருக்கு மட்டும் என்றால் இது போதும் என்று ஒரு சின்ன யூபிஎஸ்ஸை எடுத்து வைத்தார். கால் மணி நேரம் நிற்கும். அதற்குள் வேலையை முடித்துக் கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட வேண்டும், அதற்காகத்தான் இது கத்திக்கொண்டே இருக்கும், தீரப்போகும்போது வேகமாகக் கத்தும் என்று விளக்கினார். அயர்ன் பாக்ஸ், மிக்ஸி எதையும் இதில் மாட்டிவிடக் கூடாது, முதலில் ஒரு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற விட வேண்டும் என்றும் சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நான் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அம்மாடி! செங்கல்லை அடுக்கி மூடியது போல அப்படி ஒரு கனம். கரண்டுக்கு இவ்வளவு எடையா என்று எனக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு, மேடுபள்ளம் வரும்போதெல்லாம் ஐயோ ஐயோ என்றார்.

வீட்டில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பின்பக்கம் மூன்று ப்ளக் பாயிண்ட் இருந்தன. ஒன்றில் கம்ப்யூட்டர், இன்னொன்றில் மானிட்டர். மூன்றாவது சும்மா கிடப்பது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மச்சானிடம் பேசும்போது அக்காவுக்கு வேர்க்கக் கூடாது என்று டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். சோதித்துப் பார்க்க மெயினை அணைத்தார். பெட்டி கீ கீ என்றது, திரை அணையவில்லை, ஃபேனும் சுற்றியது. பக்கத்து வீட்டிலிருந்து வந்து பார்த்தவர்கள்கூட நல்ல சாமான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா மூன்றாவது வரிசைக் கன்றுகளில் இருந்தபோது கரண்ட் போனது. பெட்டி கத்தியது. திரையில் அப்பா அப்படியே இருந்தார். அம்மாவின் முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுக்குள் அடைபட்டிருந்தது எல்லாம் மடை திறந்தது போல வந்தது. எப்பங்க வர்றீங்க, புள்ள ஒங்க மடியில ஒக்காரவே மறந்துருச்சு, ஆம்பளை இல்லாத வீடுன்னு வாய்க்காத் தண்ணிக்குக்கூட நான்தான் சண்டை போட வேண்டியிருக்கு, ராத்திரி நாய் கொரைச்சா எந்திரிச்சு ஒக்காந்துக்கிறேன், எனக்கு முடியலங்க. அப்பா கண்ணைப் பாதி மூடி, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பதில் சொல்லுங்கங்கறேன்!"

அப்பா சொல்லவில்லை. தும்மல் வரப்போகிற மாதிரியே உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் முகம் மறைந்து, ஆங்கிலத்தில் ஏதோ எழுதிய வெள்ளைக் கட்டம் ஒன்று வந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா? இம்புட்டுச் சொல்லியும் ஒரு வார்த்தை பேசாம வச்சுட்டாரு" என்றாள். டேபிள் ஃபேன் மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. எப்போதும் பச்சையாகக் கண் சிமிட்டுகிற மோடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மாமா வந்து பார்த்து, நெற்றியில் அடித்துக்கொண்டார். கம்ப்யூட்டருக்குத்தான் பேட்டரி இருந்தது, மோடத்துக்கு இல்லை. அது பழையபடி சுவரில்தான் இருந்தது. கரண்ட் போனதுமே இன்டர்நெட்டும் போய்விட்டது. அம்மா பேசியது முழுக்க அப்பாவின் படத்திடம். அவர் அதில் ஒரு சொல்லைக்கூடக் கேட்கவில்லை.

"ஏண்டா, ஒன்னைய யாருடா ஃபேனை மாட்டச் சொன்னா?" என்று அம்மா துடைப்பத்தைத் தேடினாள். மாமா ஃபேனைப் பிடுங்கிவிட்டு மோடத்தை அந்த இடத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் ஓடிப்போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கரண்ட் போனபோது அப்பா படமாக நின்றுவிடவில்லை, அசைந்தார். பெட்டியின் சத்தம் அவருக்கும் கேட்டது.

"என்ன புள்ள, அங்க என்னமோ கத்துது?"

"பேட்டரிங்க. கரண்ட் போச்சு. அது தீர்றதுக்குள்ள சொல்லுங்க. எப்ப வர்றீங்க?"

அப்பா அன்று கன்றுகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கீ கீ என்று பெட்டி அவரை விரட்டிக்கொண்டே இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு மடமடவென்று சொன்னார். லீவு கேட்டதற்குக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்களாம். வருவதென்றால் ஒரேயடியாக முடித்துக்கொண்டு வருவதுதானாம், திரும்பக் கூப்பிட மாட்டார்களாம். "ஊருக்கு வந்து என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல, புள்ள. பயமா இருக்கு. அதான் சொல்லாமலே ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

அப்பாவுக்குப் பயம் என்பதே எனக்குப் புது விஷயமாக இருந்தது. விமானத்தில் போனவருக்கு வேறு எதில் பயம் இருக்கும் என்று யோசித்தேன்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் அம்மா. "வாரவாரம் தென்னங்கன்னைப் பத்தித்தானே பேசுறீங்க. வந்து நீங்களே அதுக்குத் தண்ணி பாய்ச்சுங்க. வந்துருங்க. கஞ்சியோ கூழோ, ஒங்களப் பாத்துக்கிட்டே குடிக்கிறோம்."

பெட்டி வேகமாகக் கத்த ஆரம்பித்தது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வாரேன்" என்றார்.

"எந்த வாரேன்?"

"வந்து சேர்ற வாரேன்தான், புள்ள."

திரை கறுத்துவிட்டது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பேட்டரி தீர்ந்துவிட்டதற்காக அழுகிறாள் என்று நினைத்து, கரண்ட் வந்ததும் மறுபடி சார்ஜ் ஏறிவிடும் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்கடுத்த வெள்ளி நன்றாக நினைவிருக்கிறது. அன்று கரண்ட் போகவில்லை. அப்பா பழையபடி ஆகிவிட்டார். முதல் கன்றிலிருந்து தொடங்கி, உரம் எப்போது வைத்தீர்கள் என்று நிதானமாக வந்துகொண்டிருந்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி கத்த ஆரம்பித்தது.

"ஐயய்யோ, கரண்ட் போச்சா?" என்றார் அப்பா. உரத்தை அப்படியே விட்டுவிட்டார். "இந்தா, கேளு. கம்பெனியில எழுதிக் குடுத்துட்டேன். பொங்கலுக்கு மின்னாடி டிக்கெட் போட்டுருவாங்க. பாப்பாவுக்கு என்ன வேணும்னு கேளு. எனக்கு ஒங்க நெனப்பாவே இருக்கு புள்ள, தூக்கமே வரமாட்டேங்குது."

இப்படியெல்லாம் அப்பா பேசி நான் கேட்டதில்லை. ஆனால் என் கவனம் வேறு இடத்தில் இருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால், பெட்டிக்குக் கரண்ட் வருகிற சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி அம்மா நின்றிருந்தாள். முகமெல்லாம் சிவந்து, அப்பா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் "ஃபேன் சுத்து..." என்று ஆரம்பித்ததும் ஒரே எட்டில் வந்து என் வாயைப் பொத்தினாள்.

அப்புறம் பொங்கல் வரைக்கும் எல்லா வெள்ளியும் எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி கத்தியது. எனக்குத் தலை கால் புரியவில்லை. கரண்ட் போனதென்றால் ஈ.பி. ஆபீஸைத் திட்டித் தீர்க்கிறவள், இருக்கிற கரண்டைத் தானே எதற்கு அணைக்க வேண்டும்? யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்து, அம்மா வாராவாரம் பேட்டரியைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று மாமாவிடம் சொன்னேன். மாமா பதறிப்போனார். அப்படி அடிக்கடி தீர விட்டால் பேட்டரி வீணாகிவிடும், போய் உன் அம்மாவிடம் சொல் என்றார்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வீணாப் போனாப் போவுது. ஒங்கப்பா வந்து மாத்தட்டும்."

பேட்டரி மாற்றத் தெரிந்த மாமா அடுத்த தெருவிலேயே இருக்கும்போது, அதற்காகச் சவுதியிலிருந்து ஒருவர் எதற்கு வர வேண்டும் என்று நான் வெகுநேரம் அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.