ஓக்புன் அக்காவின் மோதிர விரல்

கொரியாவின் புசான் மீன் சந்தையில் விலாங்கு உரிக்கும் ஓக்புன் அக்காவுக்கு இரண்டு கைகளும் இரண்டு வேலைக்காரர்கள். இடக்கை விலாங்கின் தலையைப் பலகை ஆணியில் குத்திப் பிடித்துக்கொள்ளும். வலக்கை கழுத்தில் கீறி, காலுறையைக் கழற்றுவது போலத் தோலை உருவிவிடும். பல வருடம் சண்டையில்லாத குடித்தனம். போன இலையுதிர்காலத்தில்தான் வலக்கைக் கத்தி இடக்கை மோதிர விரலின் அடியில் இறங்கி, விரலை மடக்கும் தசைநாணை அறுத்துவிட்டது.

அறுந்த இரு முனைகளையும் மெல்லிய நூலால் தைத்தார்கள். விரலும் மணிக்கட்டும் சற்று மடங்கியே இருக்கும்படி, புறங்கைப் பக்கம் பிளாஸ்டிக் கூடு ஒன்று கட்டப்பட்டது. விரல் மடங்காவிட்டால் விலாங்கு வழுக்கும். விலாங்கு வழுக்கினால் கடை இல்லை.

சந்தையில் எல்லோரும் டாக்டர்கள். அசையாமல் வைத்தால்தான் ஒட்டும் என்று கடற்பாசிக்கடை சுன்ஏ தீர்ப்புச் சொல்லி, நத்தைக் கஞ்சியும் ஊற்றிவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி தரும் பியன் என்ற இளைஞரோ தையல் பிரிப்பதற்கு முன்பே அசைக்கச் சொன்னார்.

"நேத்து ஒட்டுன கிண்ணத்துல இன்னைக்கே சூப் ஊத்துவியா தம்பி?" என்றாள் ஓக்புன் அக்கா.

"அசைக்கலன்னா அக்கம்பக்கத்தோடயும் சேர்ந்து ஒட்டிக்கும்மா. அடிப்பிடிச்ச சோறு மாதிரி. கூட்டுக்குள்ள அசையட்டும். வேலை மட்டும் வாங்காதீங்க."

அன்றிலிருந்து வலக்கை அந்த விரலைப் பூப்போல மடக்கிவிடும். விரல் தானாக நிமிர்ந்து கூட்டின் கூரையைத் தொடும். ஆயிரம் விலாங்குகளின் எமன் ஒரு விரலைத் தாலாட்டுவதைச் சந்தையே எட்டி எட்டிப் பார்த்தது.

இரண்டாவது வாரம் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் விருந்து. மாப்பிள்ளையின் அப்பா மதுக்கெண்டியைத் தூக்கினார். கொடுப்பதும் வாங்குவதும் இரு கைகளால் என்பதுதான் அங்கே மரியாதை; பெரியவர் ஊற்றும் கிண்ணத்தை ஒற்றைக் கையில் வாங்குவதா? ஓக்புன் அக்கா முன்யோசனைக்காரி. கூட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். இரு கைகளாலும் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்தபோது உள்ளங்கையில் சுருக்கென்றது. சிரித்த முகமாகக் குடித்தாள். கல்யாணம் நிச்சயமானது. விரலைப் பற்றித்தான் எதுவும் நிச்சயமில்லை.

மறுநாள் பியன் முன்னால், திருடியைப் போல உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கூட்டைக் கழற்றினார்.

"கையை எங்கிட்ட விட்டுடுங்க. நீங்க ஒண்ணும் செய்யாதீங்க."

மணிக்கட்டை மெல்ல, கொஞ்சமாகப் பின்னுக்குச் சாய்த்தார். யாரும் தொடாமல், யாரும் சொல்லாமல் விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே சுருண்டன. கடைசியாக, வீங்கிய முகத்தோடு, மோதிர விரலும் மற்றவற்றின் பின்னால் மடங்கியது. நாண் மறுபடி அறுந்திருந்தால் அது மட்டும் நீட்டியபடியே நின்றிருக்கும். தலைமுடியை விட மெல்லிய நூல். சம்பந்தி மரியாதையையும் தாங்கியிருந்தது.

இத்தனை காலம் விலாங்குகளுக்குள் பார்த்த ஓக்புன் அக்கா, தன் கைக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவளைப் போலக் குனிந்தாள்.

"இன்னொரு தடவ காட்டு, தம்பி."

காட்டினார். பிறகு கூட்டைத் திரும்பக் கட்டினார். அவள் அவருக்கென்று கொண்டுவந்திருந்த விலாங்குப் பையை எடுத்து, பழக்க தோஷத்தில் இடக்கையையும் நீட்டினாள்.

"ஒத்தைக் கையில குடுங்கம்மா. மரியாதை வந்து சேர்ந்துடும்."

இடக்கையை மடியில் வைத்துக்கொண்டு, வெட்கத்தில் காது சிவக்க, வலக்கையால் மட்டும் கொடுத்தாள்.