அக்கா எழுதிய ஆர்டர் சீட்டு

ஈப்போவில் எங்கள் தையற்கடைக்கு அக்கா வாங்கிய புதுக் கணினி, வாடிக்கையாளரின் ஆர்டர் ஒன்றை அச்சிட்டுத் தள்ளியது. அந்தத் தாளின் மை மணம் பழைய கார்பன் தாளை நினைவூட்டி என்னைப் பத்து வயதுக்கு இழுத்துச் சென்றது.

அந்நாளில் தீபாவளி ஆர்டர்களை அக்காதான் எழுதுவாள். ஒரு சீட்டு வாடிக்கையாளருக்கு. கார்பன் நகல் துணியோடு குத்தப்படும். தங்கையாகிய நான் பேச்சுப் போட்டியில் வென்ற கோப்பையைத் திரும்பியும் பாராத அப்பா, அவள் சீட்டுகளின் கையெழுத்தை வருவோரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார். பொறாமை தாளாமல், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் மாரியக்கா கொடுத்த துணியிலிருந்து சீட்டைப் பிய்த்து ஒளித்தேன். சீட்டில்லாத துணியை எவரும் தைக்கமாட்டார்கள். அக்கா திட்டு வாங்குவாள்.

தீபாவளிக்கு முதல்நாள் மாரியக்கா தோட்டத்திலிருந்து வந்தார். "பாவாடை ரெடியா அண்ணே? பிள்ள ஒரு வாரமா கேட்டுக்கிட்டே இருக்குலா."

அப்பா துணிக்குவியலைப் புரட்டினார். அக்காவோ தைத்து முடித்த பாவாடையை எடுத்து நீட்டினாள். "சீட்டு எங்கயோ விழுந்திருச்சுப்பா. அளவு ஞாபகம் இருந்துச்சு, நானே தைச்சிட்டேன்."

பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். குற்றம் சாட்டியிருந்தால் எதிர்வாதம் செய்து வென்றிருப்பேன். அந்தப் பார்வைக்கோ இன்றுவரை என்னிடம் மறுப்புரை இல்லை. அதனால்தான் அவள்மீது பொறாமையும் இன்னும் தீரவில்லை.