ஆறு மணிக்கு முடியாத பந்த்

அப்பா இறந்தபோது அண்ணன் பொலிவியாவில் இருந்தான். மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அங்கே உப்பிலிருந்து லித்தியம் பிரிக்கும் ஆலையில் வேலை. இரண்டு வருடமாக அப்பாவுக்கு அந்த நாட்டைப் பற்றித்தான் பேச்சு. "சிலிக்காரன் சண்ட போட்டு கடற்கரைய புடுங்கிக்கினான். கடலே இல்ல, கடற்படைய மட்டும் வெச்சிகினு கீறானுங்க" என்று டீக்கடை வரை போய்ச் சொல்லிவிட்டு வருவார். எங்களுக்கும் சிரிப்பாக இருந்தது. மலைகளுக்கு நடுவே போகும் இரண்டு மூன்று சாலைகளை அடைத்தால் அந்த நாடே நின்றுவிடும் என்று யாரும் யோசிக்கவில்லை.

தகவல் தெரிந்ததுமே அண்ணன் கிளம்பிவிட்டான். விமான நிலையத்துக்குப் பாதி வழியில் மறியல். ஒரே கட்சிக்குள் இரண்டு தலைவர்களுக்குப் பகை, போதாததற்கு டீசல் தட்டுப்பாடு. ஒரு தரப்பு ஆட்கள் சாலை முழுக்க மண்ணையும் பாறையையும் கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சித்தப்பாவுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. "பந்த்து தானே? சாயங்காலம் ஆறு மணிக்கு கலைஞ்சி பூடுவானுங்க. ஐஸ் பெட்டி நாளைக்கும் வேணும்னு சொல்லிடு" என்றார். ஐ.டி. வேலை பார்க்கும் நானும் அதை அப்படியே நம்பினேன். அவர்களுக்கு ஆறு என்றால் நமக்கு விடியற்காலை மூன்றரை என்று கணக்கு வேறு போட்டேன்.

மறுநாள் காலை அண்ணன் பேசினான். "இங்க அதுக்கெல்லாம் டைம் கெடையாது பாப்பா. வாரக்கணக்குல ஒக்காருவாங்களாம். அப்பா செத்துட்டாருன்னு அழுதேன். மறியல்ல இருந்த ஒரு அம்மா டீ குடுத்துச்சு. ஒருத்தருக்கு தொறந்தா எல்லாருக்கும் தொறக்கணும்னு சொல்லிடுச்சு. நடந்தாவது வரேன், அப்பா மொகத்த பாக்கணும்." அதோடு போன் செத்துப்போனது.

எனக்குத் தாங்க முடியாத ஆத்திரம். அந்த அம்மாள் மேல், இரண்டு தலைவர்கள் மேல், சித்தப்பா மேல், நேரம் வைத்துப் பந்த் நடத்தி எங்களைப் பழக்கிவிட்ட நம் ஊர் மேல். யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவின் முகம் கறுக்கத் தொடங்கியது. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா பண்லாம், நீயே சொல்லு" என்றார். அண்ணனுக்கு விடாமல் போன் போட்டேன். மணியே அடிக்கவில்லை. கடைசியில் தலையை ஆட்டினேன். சித்தப்பாதான் கொள்ளி வைத்தார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன். மூச்சு வாங்கினான், குரலில் அத்தனை சந்தோஷம்.

"எடுத்துட்டாங்க பாப்பா! கல்லு, மண்ணு எல்லாத்தயும் எடுத்துட்டாங்க! வண்டி போவுது, நாளன்னிக்கு வந்துடுவேன்."

"நாங்களும் எடுத்துட்டோம்ணா" என்றேன்.